மரம் மரமாகவே தெரிய: கணினியில் மரச்சாமான் வரைபவர்களின் கேள்விகளும் பதில்களும்

குமரி மாவட்டத்தில் மரச்சாமான் கடை நடத்துகிறவர்கள், பட்டறையில் வேலை பார்க்கும் ஆசாரிமார், டிசைன் படிக்கிற பிள்ளைகள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒரு கட்டிலையோ அலமாரியையோ செய்வதற்கு முன்பே, அது வீட்டில் எப்படி இருக்கும் என்று படமாக வரைந்து பார்ப்பதுதான் விஷயம். பெரும்பாலும் கிம்ப் என்ற பட மென்பொருளை வைத்தே சொல்கிறேன். மெனு பெயர்களைத் திரையில் தேடிக் கண்டுபிடிக்க வசதியாக அதே ஒலிப்பில் எழுதியிருக்கிறேன்.

எந்த மென்பொருளில் வரைவது நல்லது?

கிம்ப் போதும். இலவசம், சாதாரண கணினியிலும் ஓடும். 1995-இல் பெர்க்லியில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்ற இரண்டு மாணவர்கள் தொடங்கிய வேலை அது. 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில், ஒருமுறை போட்ட ஃபில்டரை, அதாவது படத்தின் மேல் ஏற்றும் மாற்றத்தை, அப்புறமாகத் திருத்தவும் நீக்கவும் முடிகிறது. மரம் வரைபவர்களுக்கு இது பெரிய வசதி. மரத்தில் ஓடும் கோடுகளான ரேகை அதிகமாகிவிட்டது என்று கடைசியில் தோன்றினாலும் குறைத்துக்கொள்ளலாம்.

போட்டோஷாப் ஏற்கெனவே வைத்திருந்தால் அதிலேயே செய்யுங்கள், மாற வேண்டியதில்லை. கையால் தீட்டுவதில் விருப்பம் உள்ளவர்களுக்குக் கிரிட்டா நன்றாக இருக்கும். அதுவும் இலவசம்தான்.

பேனா டேப்லெட் வாங்க வேண்டுமா?

தொடக்கத்தில் வேண்டாம். மரச்சாமானில் பாதிக்கு மேல் நேர்கோடுகள். கிம்பில் பாத் டூலை வைத்து மவுஸிலேயே விளிம்புகளைத் துல்லியமாகப் போட்டுவிடலாம். செதுக்கு வேலையும் தேய்மானமும் வரையும் கட்டத்துக்கு வரும்போது வாங்கினால் போதும்.

மர நிறம் கொடுக்கிறேன், ரேகையும் போடுகிறேன். ஆனாலும் பிளாஸ்டிக் நாற்காலிக்கு மர ஸ்டிக்கர் ஒட்டியது மாதிரி இருக்கிறதே?

அதிகமாக வருகிற கேள்வி இதுதான். ஒரே ரேகைப் படத்தை முழு நாற்காலி மேலும் விரித்துப் போடுவதுதான் காரணம்.

நிஜ நாற்காலி ஒரே கட்டையில் குடைந்தது இல்லை. முன்கால் இரண்டு, பின்கால் இரண்டு, இருக்கையைத் தாங்கும் சட்டங்கள், சாய்மானத்தின் குறுக்குப் பலகைகள் என்று எல்லாம் தனித்தனியாக அறுத்து, இழைத்து, பிறகு சேர்த்தவை. ஒவ்வொரு துண்டிலும் ரேகை அந்தத் துண்டின் நீளவாக்கில்தான் ஓடும். காலில் மேலிருந்து கீழாக, சட்டத்தில் இடமிருந்து வலமாக. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ரேகை சட்டென்று திசை மாறும். அந்தத் திசை மாற்றத்தைப் பார்த்துத்தான் நம் கண் அதை மரச்சாமான் என்று ஏற்றுக்கொள்கிறது.

நாகர்கோவிலில் ஒரு பட்டறையில், மாணவர் ஒருவர் வரைந்த படத்தை வயதான ஆசாரி ஒருவரிடம் காட்டினோம். நிறம், நிழல், பாலிஷ் எல்லாமே அழகாக வந்த படம். அவர் அதையெல்லாம் பார்க்கவே இல்லை. நேரே காலில் விரலை வைத்தார். "மக்கா, இதுல ரேகை குறுக்க ஓடுதே. உக்காந்தா ஒடிஞ்சுரும்லா?" மரத்துக்குப் பலம் நார் ஓடும் திசையில்தான். நார் குறுக்காக ஓடும் காலில் பாரம் ஏறினால் அந்த நார்வழியே பிளந்து போகும். இந்தக் காரணத்தைச் சொல்லத் தெரியாதவர்களுக்கும், மரத்தோடு பழகிய கண் இருந்தால், படத்தில் ஏதோ சரியில்லை என்று உறுத்தும்.

ஆகவே ஆசாரி எப்படிச் செய்வாரோ அப்படியே வரையுங்கள். லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் படத்தாள், லேயர் குரூப் அவற்றின் தொகுப்பு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குரூப். 'இடது முன்கால்', 'மேல் குறுக்குப் பலகை' என்று பெயரும் வைத்துவிடுங்கள். ரேகைப் படத்தைத் துண்டின் நீளத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து வெட்டி எடுங்கள். ஒரே கணு இரண்டு கால்களில் தெரிந்தால் படம் அங்கேயே கெட்டுவிடும். ஒரே மரத்தில் அறுத்த இரண்டு பலகைகள்கூட நிறத்தில் ஒரு பொட்டு வேறுபடும் என்பதால், ஹியூ-சாச்சுரேஷனில் வெளிச்சத்தை மூன்று நான்கு அளவு ஏற்றி இறக்கி வையுங்கள். அதற்கு மேல் மாற்றினால் வேறு வேறு மரம் ஆகிவிடும்.

நாற்காலியின் பின்கால் வளைந்திருக்கிறது. ரேகையையும் வளைக்க வேண்டுமா?

வேண்டாம். வளைந்த கால் பெரும்பாலும் நேரான பலகையில் வளைவை வரைந்து அறுத்து எடுத்தது. ரேகை நேராகவே போகும். வளைவு வரும் இடத்தில் அது விளிம்பில் முட்டி அறுந்து நிற்கும், உள்பக்கத்தில் புதிய கோடுகள் தொடங்கும். நேரான ரேகைப் படத்தின் மேல் வளைந்த மாஸ்க் (வேண்டிய இடத்தை மட்டும் காட்டும் மறைப்பு) போட்டாலே இது தானாக வந்துவிடும். பிரம்பையும் நீராவியில் வளைத்த மரத்தையும் வரையும்போது மட்டும் வார்ப் டூலால் ரேகையையும் சேர்த்து வளையுங்கள்.

சில பலகையில் கோபுரம் கோபுரமாக வளைவு இருக்கிறது, சிலதில் வெறும் நேர்கோடு. எதை எங்கே போடுவது?

இதைப் புரிந்துகொள்ள ஒரு மரமில்லில் கொஞ்ச நேரம் நின்றாலே போதும். தடியின் வெட்டுமுகத்தில் வளையங்கள் தெரியும். அந்த வளையங்களைத் தொட்டுக்கொண்டு பக்கவாட்டில் அறுத்த பலகையின் முகத்தில் கோபுர வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக வரும். வளையங்களுக்கு நேர் குறுக்காக, நடுவைப் பார்த்து அறுத்த பலகையில் நெருக்கமான நேர்கோடுகள் வரும்.

ஒரே பலகையில் இரண்டும் இருக்கும் என்பதைத்தான் வரைபவர்கள் மறந்துவிடுகிறார்கள். அகலமான முகத்தில் கோபுரம் தெரிந்தால் அதன் ஒடுங்கிய பக்கத்தில் நேர்கோடுகள்தான் தெரியும். முனையில் வளையத்தின் ஒரு துண்டு வில்லாக நிற்கும். மேசைப் பலகை ஒன்றை மூன்று பக்கமும் தெரியும்படி வரைகிறீர்கள் என்றால் மூன்று விதமான ரேகை வேண்டும். மேல்முகத்தின் கோடுகள் விளிம்பில் முடிகிற இடத்திலேயே பக்கத்தின் கோடுகளும் முனையின் வில்களும் தொடங்க வேண்டும். எல்லாக் கோடுகளையும் பொருத்தி முடிக்க மாட்டோம். ஆனால் அழுத்தமான நான்கைந்து கோடுகளையாவது விளிம்பு தாண்டித் தொடர்ந்து வரையுங்கள். படத்தில் பலகைக்குக் கனம் வருவது இதனால்தான்.

முனை எப்போதும் முகத்தைவிடக் கருப்பாக இருக்கும். அங்கே திறந்திருக்கும் துளைகள் பாலிஷை நிறைய உறிஞ்சிக்கொள்ளும். வெளிச்சத்தில் இரண்டு படி இறக்கி வையுங்கள்.

எங்கே எதைப் போடுவது என்றால், மேசையின் மேல்பலகை, அலமாரிக் கதவின் நடுப்பலகை, கட்டிலின் தலைமாட்டுப் பலகை ஆகியவற்றில் கோபுரம் அழகாக இருக்கும். சட்டத்துக்கும் காலுக்கும் நேர்கோடு போதும். நல்ல ஆசாரியும் பலகையை அப்படித்தான் பார்த்துப் பொறுக்குவார்.

போட்டோ எதுவும் இல்லாமல் ரேகையை மென்பொருளிலேயே உண்டாக்க முடியுமா?

முடியும். கணினி வரைகலை அறிஞர் கென் பெர்லின் 1980-களில் உருவாக்கிய நாய்ஸ் (தற்செயலான ஏற்ற இறக்கம்) முறைதான் இதற்கு வேர். 1997-இல் அவருக்கு ஆஸ்கர் அமைப்பின் தொழில்நுட்ப விருதும் கிடைத்தது. கிம்பில் செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் இமேஜ் மெனுவில் பிரிசிஷன் (சில பதிப்புகளில் என்கோடிங்) போய் 16 பிட்டுக்கு மாற்றுங்கள். இதைச் செய்யாவிட்டால் பின்னால் ரேகையில் படிப்படியாகப் பட்டைகள் விழும்.

நேர்கோட்டு ரேகைக்கு ஃபில்டர்ஸ், ரெண்டர், நாய்ஸ், சாலிட் நாய்ஸ். அதில் எக்ஸ் அளவை 1-க்குப் பக்கத்திலும் ஒய் அளவை 16 வரையும் வையுங்கள். படுக்கைவாட்டில் நீண்ட கோடுகள் வரும்.

கோபுர ரேகைக்கு அதே சாலிட் நாய்ஸில் எக்ஸை 0.5, ஒய்யை 2 அல்லது 3 என்று குறைத்து, டீடெயிலை 1-இல் வையுங்கள். மேகமூட்டமாக ஒரு படம் வரும். இனி கலர்ஸ், மேப், ஏலியன் மேப். மூன்று நிறங்களுக்கும் ஒரே ஃப்ரீக்வன்சி கொடுங்கள், 8-இலிருந்து 12 வரை. மேகம் அப்படியே வளையம் வளையமாகப் பிரிந்து, நீண்ட கோபுரங்கள் தோன்றும். மேகத்தில் ஒரே வெளிச்சமுள்ள இடங்களையெல்லாம் இணைக்கும் கோடாக ஒவ்வொரு வளையமும் அமைகிறது. தடியில் ஒரே ஆண்டு வளர்ந்த மரம் ஒரே கோடாகத் தெரிவதும் இதே விதத்தில்தான் என்பதால் கண்ணுக்கு உண்மையாகப் படுகிறது.

இரண்டு லேயரையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மேலே இருப்பதன் மோடை (கீழ் லேயரோடு கலக்கும் விதம்) ஓவர்லே ஆக்கி 30 சதவீதத்துக்கு விடுங்கள். அப்புறம் கலர்ஸ், மேப், கிரேடியன்ட் மேப். இளநிறத்திலிருந்து கருநிறத்துக்குப் போகும் கிரேடியன்ட்டை முன்பே செய்து வைத்திருக்க வேண்டும்.

கடைசியாக, மரத்தின் நுண்ணிய துளைகள். புது லேயரில் நாய்ஸ் போட்டு, ஃபில்டர்ஸ், பிளர், லீனியர் மோஷன் பிளரில் கோணம் 0, நீளம் 20 அல்லது 30. லெவல்ஸில் இரண்டு முனையையும் நடுவுக்கு நெருக்கினால் சிறு சிறு கீறல்களாகும். மோட் மல்டிப்ளை, அளவு 25 சதவீதம். இந்த லேயரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தேக்கில் இது இல்லாவிட்டால் மைக்கா ஷீட் ஒட்டிய பலகையாகத்தான் தெரியும்.

போட்டோஷாப்பில் ஃபில்டர், ரெண்டர், ஃபைபர்ஸ் என்று நேராகவே ஒன்று இருக்கிறது. நேர்கோட்டுக்கு நன்றாக உதவும், கோபுரத்துக்கு உதவாது.

நானே போட்டோ எடுத்த பலகையைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. அதுதான் சிறந்தது என்பேன். இழைத்து முடித்து, பாலிஷ் போடாத பலகையை எடுங்கள். பாலிஷ் போட்டதில் ஜன்னல் வெளிச்சமும் சேர்ந்து பதிந்துவிடும், அதை நீக்குவது பெரும்பாடு. நேர் வெயில் வேண்டாம், ஃபிளாஷ் வேண்டாம். மேகம் மூடிய பகலில் பட்டறை வாசல் வெளிச்சம் போதும், மழைக்காலக் காலைகள் இதற்குத் தோதானவை. கேமராவைப் பலகைக்கு நேர் எதிரே பிடியுங்கள். பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலையும் வைத்து எடுத்தால் அளவு தெரியும். அந்த அளவு ஏன் முக்கியம் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

இணையத்தில் கிடைக்கும் பலகைப் படங்களை எடுப்பதானால் பயன்படுத்தும் உரிமை கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

நான் வரைந்த அலமாரி பொம்மை அலமாரி அளவுக்குத் தெரிகிறது. ஏன்?

ரேகை பெரிதாகிவிட்டது. ஏழடி அலமாரிக் கதவில் மூன்றே கோபுரம் இருந்தால், பார்ப்பவர் மனம் கதவை ஒரு சாண் உயரத்துக்குச் சுருக்கிவிடும். உங்கள் படத்தில் ஓர் அங்குலம் எத்தனை பிக்சல் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 40 பிக்சல் என்று வைத்தால் ஏழடிக்கு 3360 பிக்சல். கால் அங்குலம் சரியாகப் 10 பிக்சல். ஸ்கேல் வைத்து எடுத்த போட்டோவை இந்தக் கணக்குக்குச் சுருக்கி ஒட்டினால் ரேகை தானாகச் சரியாகும்.

நம் ஊர் மரங்களுக்கு என்ன நிறம் கொடுப்பது?

வெறும் 'பழுப்பு' என்று போய்விடாதீர்கள். குமரி மாவட்டத்துப் பட்டறைகளில் புழங்கும் மரங்கள் ஒன்றுக்கொன்று நன்றாகவே வேறுபடும். நான் தொடக்கமாக வைத்துக்கொள்ளும் எண்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் தருகிறேன். உங்கள் கையிலுள்ள மரத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

தேக்குக்கு இளநிறம் 190, 140, 85. கோட்டுக்கு 120, 78, 42. பொன் கலந்த பழுப்பில் ஆங்காங்கே கருங்கோடு ஓட வேண்டும். பலகையின் ஓரத்தில் வெளிப்பக்க வெள்ளை மரம் ஒரு விரல் அகலம் தெரியும்படி விட்டால் நம்பகம் கூடும். ஆனால் வாடிக்கையாளர் வைரம் பாய்ந்த பாகம்தான் வேண்டும் என்பார், ஆகவே எங்கே விடுகிறோம் என்று பார்த்து விடுங்கள்.

பலா அறுத்த புதிதில் நல்ல மஞ்சள், 220, 180, 90. வருடங்கள் போகப் போகச் சிவந்து ஆழ்ந்த பழுப்புக்கு வரும், 150, 90, 45. இந்த இரண்டு நிறத்துக்கும் நடுவே அந்தச் சாமானின் வயதை நீங்கள் சொல்லிவிடலாம், எனக்குப் பலா மேல் தனிப் பிரியம் இருப்பதற்கு இதுதான் காரணம். அயனியும் பலாவின் இனம்தான். பொன்பழுப்பில் தொடங்கலாம்.

ஈட்டி கருஞ்சிவப்பு, 75, 45, 40. கோடுகள் கிட்டத்தட்டக் கருப்பு. இதில் நிறம் கொஞ்சம் ஊதாப் பக்கம் சாய்ந்தால்தான் ஈட்டி, இல்லாவிட்டால் கருப்புச் சாயம் பூசிய தேக்கு. மகோகனியில் செம்பழுப்பும், வெளிச்சத்துக்கு ஏற்ப மாறி மாறி மினுங்கும் நீண்ட பட்டைகளும்.

ரப்பர் மரம் நமக்குத் தனி. தமிழ்நாட்டில் ரப்பர் விளைவது முக்கியமாகக் குமரியில்தான். குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் பால் வற்றிய மரங்களை வெட்டும்போது அது சாமானாகவும் ஆகிறது. வெளிர் நிறம், 225, 200, 160. வளையம் அழுத்தமாகத் தெரியாது. ஏலியன் மேப் வேலையை இங்கே காட்ட வேண்டாம். சிறு கீறல்கள் மட்டும் தெளிவாக இருக்கட்டும்.

தென்னையிலும் பனையிலும் வளையமே கிடையாது. இதைத் தெரியாமல் 'தென்னை மர மேசை' என்று தேக்கு ரேகையைப் போட்ட படங்கள் நிறைய. நீளவாக்கில் அறுத்தால் கருநார்கள் விட்டு விட்டு ஓடும், வெட்டுமுகத்தில் அதே நார்கள் புள்ளிகளாக நிற்கும். வெளிப்பக்கம் புள்ளிகள் நெருங்கிக் கருத்து இருக்கும், உள்ளே போகப் போக விலகி வெளிறும். பனையில் நார் இன்னும் கருப்பு. வரைவதற்கு நீளக் கோடுகளைப் பிரஷ்ஷால் கையாலேயே போடுங்கள். சீராக இடைவெளி விடாமல், சில இடத்தில் நெருக்கி, சில இடத்தில் தளர்த்தி.

பெர்ஸ்பெக்டிவ் (தூரம் போகப் போகச் சிறுத்துத் தெரிவது) சரியாக வருவதே இல்லை.

பார்ப்பவரின் கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று முடிவு செய்யாமல் தொடங்குவதால் வரும் சிக்கல் இது. நின்று பார்த்தால் கண் ஏறத்தாழ ஐந்தடியில், நாற்காலியில் உட்கார்ந்தால் நான்கடியில் இருக்கும். அந்த உயரத்தில் படத்தில் ஒரு கைடு கோடு போடுங்கள். பக்கவாட்டுக் கோடுகள் எல்லாம் நீண்டு போய் அந்தக் கோட்டின் மேல் இடப்பக்கம் ஒரு புள்ளியிலும் வலப்பக்கம் ஒரு புள்ளியிலும் சேர வேண்டும். இரண்டு புள்ளிகளையும் படத்துக்கு வெளியே தள்ளி வையுங்கள். உள்ளே வைத்தால் சாமான் நசுங்கிப் பிதுங்கும். நிற்கும் கோடுகள் நேராகவே இருக்கட்டும்.

கண்கோட்டுக்குக் கீழே இருப்பதன் மேல்முகம்தான் தெரியும். சாப்பாட்டு மேசை 30 அங்குலம், மேல்பலகை தெரியும். ஏழடி அலமாரியின் மேல்பலகை தெரியவே கூடாது. தெரிந்தால் பார்ப்பவர் ஏணியில் நிற்கிறார் என்று அர்த்தம். நாற்காலியின் இருக்கை 18 அங்குலம். மேசையோடு சேர்த்து வரையும்போது இந்த இரண்டு அளவும் ஒத்துவர வேண்டும்.

ரேகையைத் தட்டையாக ஒட்டிவிட்டு விடாதீர்கள். பெர்ஸ்பெக்டிவ் டூலால் நான்கு மூலையையும் பலகையின் மூலைகளுக்கு இழுத்துப் பொருத்துங்கள். கிரிட்டாவில் பெர்ஸ்பெக்டிவ் அசிஸ்டன்ட் இருப்பதால் பிரஷ்ஷே கோட்டுக்கு ஒட்டிக்கொண்டு ஓடும்.

விளிம்புகளும் இணைப்புகளும் எப்படி?

எந்த மரச்சாமானிலும் கத்தி முனையாக விளிம்பு இருக்காது. கடைசியில் உப்புத்தாள் போட்டுக் கூர்மையைத் தட்டிவிடுவார்கள், கை அறுக்கக் கூடாதே. அந்த மழுங்கிய விளிம்பு வெளிச்சத்தை வாங்கி மெல்லிய கோடாக மின்னும். இரண்டு மூன்று பிக்சல் அகலத்தில், முகத்தைவிட வெளிறிய நிறத்தில், சில இடத்தில் விட்டுவிட்டு ஒரு கோடு போட்டுப் பாருங்கள். மொத்தப் படமும் எழுந்து நிற்கும். சின்ன வேலை, பெரிய பலன்.

இணைப்பில் நேர்மாறாகச் செய்ய வேண்டும். காலும் சட்டமும் சேரும் இடத்தில் ஒரு பிக்சல் கருங்கோடு. முழு நீளத்துக்கும் ஒரே அழுத்தம் வேண்டாம். கழுந்து (துண்டின் முனையில் செதுக்கிய நாக்கு) துளைக்குள் இறங்கி மறுபக்கம் தெரியும் வகை இணைப்பு என்றால், காலின் முகத்தில் ஒரு சிறு செவ்வகம், அதற்குள் வெட்டுமுக ரேகை, சுற்றிலும் மெல்லிய கோடு. மர ஆணி அடித்திருந்தால் சிறு வட்டம், அதற்குள்ளும் வெட்டுமுகம்தான். இரும்புத் திருகைத் தலை தெரிய வரைந்துவிடாதீர்கள், ஒழுங்கான பட்டறையில் அதை மூடிவிடுவார்கள்.

பாலிஷ் மினுமினுப்பு வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது.

மென்மையான பெரிய பிரஷ்ஷால் நடுவில் ஒரு வெள்ளைப் பொட்டு வைத்திருப்பீர்கள். பாலிஷ் என்பது மேலே ஒரு கண்ணாடிப் படலம். அது எதிரே இருப்பதைக் காட்டும். ஜன்னல் எதிரே இருந்தால் ஜன்னலின் வடிவம், கம்பிகளோடு, மங்கலாக விழ வேண்டும். மேசையை மேலிருந்து பார்த்தால் ரேகை தெளிவாகவும் பிரதிபலிப்பு குறைவாகவும் இருக்கும். பலகையோடு ஒட்டித் தாழ்வாகப் பார்த்தால் ரேகை மறைந்து பிரதிபலிப்பு நிறையும். ஆகவே நம்மை விட்டுத் தள்ளிப்போகும் ஓரத்தில் மினுமினுப்பைக் கூட்டி, நம் பக்க ஓரத்தில் குறையுங்கள். லேயர் மோட் ஸ்கிரீன்.

துளைகளை நிரப்பிக் கனமாக ஏற்றிய பாலிஷில் பிரதிபலிப்பின் ஓரம் தெளிவாக இருக்கும். துளை திறந்திருக்கும் பாலிஷில் அது ரேகைவாக்கில் கொஞ்சம் சிதறும். முன்பு செய்த துளைக் கீறல் லேயரையே பிரதிபலிப்பின் மாஸ்க்கில் ஒட்டினால் இந்தச் சிதறல் கிடைத்துவிடும்.

நிழல்?

கருப்பில் போடாதீர்கள். தரையின் நிறத்தையே ஆழப்படுத்தி மல்டிப்ளையில் போடுங்கள். கால் தரையைத் தொடும் இடத்தில் நிழல் ஒடுங்கி அடர்த்தியாகவும், தள்ளிப் போகப் போக அகன்று மெலிந்தும் இருக்கட்டும். தொடும் இடத்து நிழல் இல்லாவிட்டால் கட்டில் அந்தரத்தில் மிதக்கும். பழைய ஓட்டு வீட்டுச் சிவப்பு ஆக்சைடு தரையில் வைக்கிறீர்கள் என்றால் காலின் அடிப்பாகத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் செந்நிறம் லேசாகத் தெறிக்கும். மென்மையான பிரஷ்ஷால் 10 சதவீதம் கொடுத்தால் போதும்.

செதுக்கு வேலைப்பாடு வரைவது எப்படி?

தக்கலை பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனைக்கு ஒருமுறை போய்ப் பொறுமையாகப் பார்த்துவிட்டு வாருங்கள். திங்கள்கிழமை விடுமுறை. 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் அது. இன்றும் கேரள அரசின் பராமரிப்பில் இருக்கிறது. பூமுகம் என்ற முன்மண்டபத்தின் மர விதானத்தில் 90 பூக்கள், ஒன்றைப் போல் ஒன்று இல்லை. அரண்மனையின் ஒரு பகுதியான தாய்க் கொட்டாரத்தில் ஏகாந்த மண்டபத்துப் பலா மரத் தூணும் அப்படித்தான், கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டியது. அங்கே கவனிக்க வேண்டியது வெளிச்சம். தாழ்ந்த கூரை என்பதால் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருகிறது, பளபளக்கும் கருந்தரையில் பட்டு மேலேயும் எழும்புகிறது. விதானத்துப் பூக்களின் இதழ்கள் கீழ்ப்பக்கத்திலிருந்து ஒளி வாங்குவதால்தான் அவ்வளவு ஆழமாகத் தெரிகின்றன.

வரையும்போது, முதலில் பூவைச் சாம்பல் நிறத்தில் தீட்டுங்கள். மேடு வெள்ளை, பள்ளம் கருப்பு. ரேகை லேயர் மேல் ஃபில்டர்ஸ், மேப், பம்ப் மேப்பில் இந்தச் சாம்பல் படத்தைக் கொடுத்தால் மேடு பள்ளம் எழும். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அச்சில் அழுத்திய தகட்டு வேலையாகத் தெரியும். இன்னும் இரண்டு காரியம் உண்டு. ஒன்று, இதழுக்கு அடியிலும் காம்பு மடிப்பிலும் கையால் கருமை ஏற்றுவது. அங்கே பாலிஷும் தூசியும் தங்கும். இன்னொன்று ரேகை. உருண்ட மேட்டைச் செதுக்கும்போது உளி பல வளையங்களை வெட்டிக்கொண்டு இறங்குவதால், மேட்டைச் சுற்றி ரேகை மூடிய வளையமாகத் தெரியும். அதே சாம்பல் படத்தை டிஸ்பிளேஸ் ஃபில்டருக்குக் கொடுத்து ரேகையைக் கொஞ்சம் நகர்த்தினால் அந்த எண்ணம் வந்துவிடும். முக்கியமான பூ ஒன்றுக்காவது வளையங்களைக் கையால் வரையுங்கள்.

பழைய சாமானாகக் காட்ட என்ன செய்வது?

படம் முழுக்கக் கீறல் போடுவது வேண்டாம். கையும் காலும் படும் இடம் எது என்று யோசியுங்கள். சாய்வு நாற்காலியின் கைப்பலகை முனை கருத்து வழவழப்பாகும். இருக்கையின் முன்விளிம்பு தேயும். கால்களின் அடி தரை துடைக்கும் ஈரத்தில் வெளிறும். பித்தளைக் கைப்பிடியைச் சுற்றி ஒரு கருவட்டம் விழும். ஜன்னல் பக்கம் நின்ற அலமாரியின் ஒரு பக்கம் மட்டும் நிறம் மங்கும்.

ஏஐ கருவியிடம் கேட்டால் நொடியில் நாற்காலி படம் தருகிறதே?

தருகிறது, பார்க்கவும் அழகாக இருக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால்தான் சிக்கல். சட்டம் காலில் எங்கே இறங்குகிறது என்று தெரியாது, ரேகை ஒரு துண்டிலிருந்து இன்னொன்றுக்கு வழிந்து ஓடும். யோசனை எடுக்க வைத்துக்கொள்ளுங்கள். செய்யப்போகிற சாமானின் படத்தைத் துண்டு துண்டாக நீங்களே வரையுங்கள்.

இந்தப் படத்தையே ஆசாரியிடம் கொடுத்துவிடலாமா?

கூடவே முன்பக்கம், பக்கவாட்டு, மேலிருந்து என்று மூன்று தட்டையான படமும் அளவுகளோடு வேண்டும். இதற்கு இங்க்ஸ்கேப் என்ற கோட்டுப்பட மென்பொருள் வசதி. அளவை அங்குலத்தில் எழுதுங்கள், பட்டறையில் அதுதான் ஓடும். ஓர் அங்குலப் பலகை என்று எடுத்தது இழைத்த பிறகு முக்கால் அங்குலத்துக்குப் பக்கம் வந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வாடிக்கையாளரிடம் காட்டும்போது?

எந்த மரம் என்று படத்தின் அடியிலேயே எழுதுங்கள். ரப்பர் மரத்துக்குத் தேக்குச் சாயம் ஏற்றி விற்பதில் தவறில்லை, படத்தில் 'தேக்கு' என்று நம்ப விடுவதுதான் தவறு. முகம் பிளைவுட்டும் மைக்காவும் என்றால் அதையும் எழுதுங்கள். திரையில் பார்க்கும் நிறம் போனுக்குப் போன் மாறும். ஆகவே பாலிஷ் போட்ட ஒரு துண்டுப் பலகையையும் கையில் கொடுத்து முடிவு செய்யச் சொல்லுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பு பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறது.

அச்சடித்தால் நிறம் மங்கிவிடுகிறது. கோப்பை எப்படிச் சேமிப்பது?

பிரகாசமான ஆரஞ்சுச் சாயல்கள் அச்சு மையில் கிடைக்காது. ஏ4-க்கு 2480-க்கு 3508 பிக்சல், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல். மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒரு பக்கம் மட்டும் எடுத்துப் பாருங்கள். லேயர்களோடு கிம்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அனுப்புவதற்குப் பிஎன்ஜி எடுங்கள்.

எதை வரைந்து பழகத் தொடங்குவது?

உட்காரும் மணை. ஒரு பலகை, அடியில் இரண்டு குறுக்குக் கட்டை, அவ்வளவுதான். ஆனால் முகத்து ரேகை, பக்கத்து ரேகை, வெட்டுமுகம், மழுங்கிய விளிம்பு, தரையைத் தொடும் நிழல் எல்லாமே அதில் இருக்கிறது. வீட்டில் ஒன்று கிடந்தால் ஜன்னலோரம் வைத்து, பார்த்து வரையுங்கள். அது சரியாக வந்ததும் பள்ளிக்கூட பெஞ்சு, பிறகு முக்காலி, அப்புறம் நாற்காலி. சாய்வு நாற்காலியைக் கடைசிக்கு வையுங்கள், அதன் பின்சட்டம் சாய்ந்த கோணத்தில் இருப்பதால் கோடுகள் வேறு புள்ளியில் போய்ச் சேரும்.